அப்பாயியின் மூன்று சுருட்டுகள்

தெமோதரை ஸ்டேசனில் இறங்குகிறவர்கள் முதலில் கீழேதான் எட்டிப் பார்ப்பார்கள். பதுளைக்குப் போகும் கோச்சி இங்கிருந்து புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இதே ஸ்டேசனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். 1924இல் பதுளை வரை திறக்கப்பட்ட பாதை அது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்ததாம். கதைதான், ஆனாலும் தோட்டத்து ஆட்களுக்கு அதில் ஒரு பெருமை.

நான் போனது சுற்றுப்பாதை பார்க்க அல்ல. பக்கத்துத் தோட்டமொன்றில், புகையிலைப் பாவனை பற்றிப் பெண்களுடன் பேசப் போனேன். சமூகவியல் பட்டமும், பையில் வாய்ப்புற்றுநோய்ப் படங்களும் இருந்தால் போதும் என்ற தைரியம் எனக்கு. வெற்றிலையோடு புகையிலை போடுவது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கக்கூடாது என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டம், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பின்வரிசையில் இருந்த எழுபது தாண்டிய அப்பாயி ஒருவர் சிரித்தார்.

"சுருட்டப் பத்தி இம்புட்டுப் பேசுறீங்களே மிஸ், ஒன்னக் கையில புடிச்சிப் பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். லயத்துக்குக் கூட்டிப்போனார்.

அடுப்புக்கு மேலே புகை படும் பலகையில், பேப்பரில் சுற்றிய மூன்று சுருட்டுகள் இருந்தன. இந்தப் பக்கத்துப் பனிக்குச் சுருட்டு நமத்துப் போகும், அடுப்புச் சூடு அதிகம் பட்டால் காய்ந்து நொறுங்கும். இரண்டுக்கும் நடுவே வைக்கத் தெரிய வேண்டும். வெளிநாட்டில் பணக்காரர்கள் இதற்கென்றே ஈரப்பதத்தை எழுபது வீதமளவில் வைக்கும் மரப்பெட்டிகள் வாங்குகிறார்கள். அப்பாயிக்கு ஒரு பலகை போதுமாக இருந்தது.

முதலாவதைக் கையில் தந்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். நடுவில் ஓரிடம் பஞ்சு மாதிரி அமுங்கியது. "அங்க இல பத்தல. நெருப்பு அந்தப் பள்ளத்துல எறங்கி ஒரு பக்கமா ஓடிரும்." இரண்டாவது கல் மாதிரி. "இது இறுக்கம். இழுத்து இழுத்துக் கன்னந்தான் வலிக்கும், அப்புறம் அணைஞ்சிரும்." மூன்றாவதில் மேல் இலை ஒரே சீராகச் சரிந்து சுற்றியிருந்தது. தடித்த நரம்பு இல்லை, வாய்ப்பக்கத்தில் பசை உரியவில்லை. பற்ற வைக்காமலே ஒருமுறை இழுத்து, காற்று தாராளமாக வருகிறதா என்று பார்த்தார். பிறகு கொள்ளிக்கட்டையில் முனையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிப் பற்ற வைத்தார்.

நெருப்பு வட்டம் ஒரே மட்டமாக ஏறியது. சாம்பல் உதிராமல் விரலின் பாதியளவு நின்றது. இலை எரிவதில் மண்ணுக்கும் பங்குண்டு. பொட்டாசியம் உள்ள இலை நன்றாக எரியும். உப்புத் தண்ணீர் பாய்ச்சிய இலையில் குளோரைட் ஏறி, அது அணைந்து அணைந்து போகும். யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணீர்க் கிணற்றுத் தோட்டத்துப் புகையிலைக்கு மதிப்பு இருந்ததில் ஆச்சரியமில்லை.

ருசியைக் கேட்டேன். முதலில் கருப்பட்டி வாசம், நடுவில் காரம், கடைசியில் கசப்பு; கசப்பு வந்ததும் போட்டுவிட வேண்டும் என்றார். "கொழும்புல தொரமாரு தேத்தண்ணிய வாயில வச்சிக் கொப்புளிச்சித் துப்புவாங்களாமே, அது மாதிரித்தான். முழுங்கக் கூடாது." ஆடி, ஆவணிக் காற்றில் ஊவாக் கொழுந்துக்கு வரும் தனி வாசத்தை நாற்பது வருடம் கையால் பறித்தவர் அவர். இலையைப் பற்றி அவருக்கு நான் என்ன சொல்ல?

இந்தச் சுருட்டு வந்த வழியும் நீளமானது. யாழ்ப்பாணத்துக்காரர் தென்பகுதி ஊர்களில் வைத்திருந்த சுருட்டுக்கடைகளை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையும் தொடர்கதையும் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். கியூபாவின் ஹவானாவிலும் 1865இலிருந்து இதே வழக்கம் இருந்தது என்று படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். 1990இல் யாழ்தேவி நின்றது. 2014இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் போனது. இடைப்பட்ட காலத்தில் கிடைத்ததெல்லாம் "வைக்கோல்" என்பது அப்பாயியின் தீர்ப்பு.

அவருக்குப் பழக்கம் வந்தது அட்டையால். மழை நாளில் மலைக்கு ஏறும்போது, மென்ற புகையிலையை அட்டை மேல் துப்பச் சொல்லிக் கொடுத்தது அவருடைய அம்மா. புகையிலை சுருட்டானது குளிருக்காக.

"நெஞ்சுக்குள்ள இழுக்கிறதில்ல, அதனால ஒன்னும் செய்யாது" என்றார். இதைப் பல படித்தவர்களும் சொல்கிறார்கள். சிகரெட் புகை போலன்றி, சுருட்டின் புகை காரத்தன்மை உள்ளது. அதனால் நிக்கொட்டின் வாய்த் தோல் வழியாகவே இரத்தத்தில் சேரும். புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களும் அந்த வாயில்தான் தங்கும். ஆந்திராவின் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் கரையோரத்தில் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலண்ணத்திலேயே நோய் வருகிறது. அந்தப் படமும் என் பையில் இருந்தது, காட்டினேன்.

அவர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு இடது கன்னத்தை விரலால் இழுத்து என்னைப் பார்க்கச் சொன்னார். எப்போதும் சுருட்டை வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது, ஐந்து ரூபாய்க் குற்றியளவு. ஓரத்தில் சிவப்பு.

"வலியில்ல மிஸ். அதனாலதான் யாருக்கும் சொல்லல."

வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இப்படியான திட்டு எல்லாமே புற்றுநோயாக மாறுவதில்லை. சில மாறும், வெள்ளையில் சிவப்புக் கலந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டு மூத்தவர்களின் வாயை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கக் கஷ்டம், இதில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

மறுவாரம் காலைக் கோச்சியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேத்தி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். சுரங்கத்துக்குள் நுழையும்போது அப்பாயி மேலே கைகாட்டி, "இப்ப நாம ஏறுன எடத்துக்கு அடியில போறோம்" என்றார், நான் முதன்முறை வருகிறவள் போல. டொக்டர் திட்டிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார்.

திரும்பும்போது அப்பாயி மடியிலிருந்து பேப்பர்ச் சுற்றை எடுத்து என்னிடம் தந்தார். பஞ்சும் கல்லும், மீந்த இரண்டு சுருட்டுகள்.

"வீட்டுல இருந்தா கை போயிரும். நீங்களே வச்சிருங்க மிஸ். நமத்துப் போகாமப் பாத்துக்கங்க."

என் மேசை லாச்சியில் இருக்கின்றன. வருகிற புதன்கிழமை முடிவு வாங்கப் போகிறோம்.