அட்லஸும் போனும்

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கு என்றவுடன் ஓடிவிடாதீர்கள், கிப்லாவும் இதில் வருகிறது.

போன கிழமை தரம் 9 இல் வெளிப்படை உண்மைகள் பாடம். ஒரு கணியத்துக்குச் சமமான இரண்டு கணியங்கள் தமக்குள்ளும் சமம், சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டினால் வருவதும் சமம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டு போனேன். "இதுக்கெல்லாம் நிறுவல் கேட்கப்படாது, பார்த்தாலே தெரியும்" என்றேன். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். கல்வியியற் கல்லூரியிலும் யாரும் அதைத் தாண்டிப் போகவில்லை.

பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், அட்லஸ்ல மன்னாரிலிருந்து மக்காவுக்கு அடிமட்டம் வெச்சுக் கோடு போட்டன். மேற்கிலிருந்து வடக்கால 18 பாகை வந்திச்சு. வாப்பாட போன்ல 23 காட்டுது. எது பிழை?"

"நீங்க பிழையா அளந்திருப்பீங்க மகள், இருங்க" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இரவு வீட்டில் நானே அளந்து பார்த்தேன். எனக்கும் 18 தான். பிள்ளை அளந்ததில் பிழையே இல்லை. அட்லஸ் தட்டை, பூமி உருண்டை. உருண்டையில் இரண்டு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் துண்டு. அந்த வழியில்தான் போன் கிப்லாவைக் கணக்கிடுகிறது.

தூக்கம் வரவில்லை. மன்னார், மக்கா, வடதுருவம் மூன்றையும் பெருவட்டங்களால் இணைத்து ஒரு முக்கோணி போட்டேன். மன்னாரில் ஏறத்தாழ 67 பாகை, துருவத்தில் 40, மக்காவில் 102. கூட்டினால் 209! முக்கோணிக்கு 180 என்று பத்து வருடமாகப் படிப்பிக்கிறேன்.

அப்படியென்றால் அந்த 180 இன் நிறுவல் என்ன ஆயிற்று? உச்சிக்கூடாக ஒரு சமாந்தரக் கோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்களைக் கொண்டு நிறுவுவோம். அந்தச் சமாந்தரக் கோட்டுக்கு அடியில்தான் யூக்ளிட்டின் ஐந்தாவது எடுகோள் கிடக்கிறது: ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளிக்கூடாக அதற்குச் சமாந்தரமாக ஒரேயொரு கோடுதான் போகும் என்று இன்று சொல்வது அதைத்தான். இதை நிறுவிக் காட்டப் பலர் முயன்றார்கள். இப்னுல் ஹைதம் முயன்றார். கவிஞர் என்று நாம் அறிந்த உமர் கையாம் 1077 இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நசீருத்தீன் தூசி வந்தார். 1733 இல் சக்கேரி என்ற இத்தாலியப் பாதிரியார். ஒருவருக்கும் முடியவில்லை. 1829 இல் லொபாசெவ்ஸ்கி, அந்த எடுகோளை மறுத்தாலும் வேறொரு கேத்திரகணிதம் வரும் என்று காட்டினார். பூமியின் நெடுங்கோடுகளையே பாருங்கள். மத்திய கோட்டை எல்லாமே செங்கோணத்தில் வெட்டுகின்றன, தாளில் என்றால் சமாந்தரம். துருவத்தில் போய் ஒன்றாகின்றன.

ஆகவே எடுகோள் உண்மையா என்று கேட்டால், எந்தப் பரப்பில் என்று திருப்பிக் கேட்கவேண்டும். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து எங்கள் காணிக்கு எல்லை போட்டபோது அளந்தவர் தட்டையாகத்தான் கணக்குப் பார்த்தார். 20 பேர்ச் காணிக்கு அது போதும். மக்கா இங்கிருந்து 4500 கிலோமீற்றர். "எடுகோள்" நேர்மையான சொல், எடுத்துக்கொண்டது என்கிறது. "வெளிப்படை உண்மை" என்ற பெயர்தான் பிள்ளைகளின் வாயை அடைக்கிறது. என் வகுப்பில் அடைத்தது பெயர் மட்டுமில்லை, நானும்தான்.

(இதை வாசித்துவிட்டுப் பள்ளியில் ஸஃப்பைத் திருப்பக் கிளம்பிவிடாதீர்கள். அதை உலமாக்களிடம் கேளுங்கள்.)

மறுநாள் ஒரு புட்போலும் நூலும் கொண்டுபோனேன். அவள் அளந்தது சரி, நான் சொன்னதுதான் பிழை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அவளையே கூப்பிட்டுப் பந்தின்மேல் நூலை இழுத்துப் பிடிக்க வைத்தேன். முந்தைய நாள் எழுதிய சமம் பற்றிய உண்மைகள் பந்திலும் நிற்கின்றனவா என்று பார்த்தோம். நின்றன. 180 மட்டும் நிற்கவில்லை.

"அப்ப சோதனையில என்ன சேர் எழுதுற?" என்றாள்.

"180 என்டே எழுதுங்க. முன்னுக்குத் 'தளத்தில்' என்டு ஒரு சொல்லும் போடுங்க" என்றேன்.