கங்காணிக் கதவு

காரின் சாவியைத் திருப்புவதும் ஒரு காரியமா என்று வாசகர்கள் கேட்கலாம். 37 ஆண்டுகள் பால்மரம் சீவிய கைகளுக்கு அது பெரிய காரியமேயாம். உளியைப் பிடித்துப் பிடித்து மடங்கிவிட்டன நம் தாயாரின் விரல்கள். மருத்துவமனையில் மருந்துக்காக நாம் வரிசையில் நிற்கையில், அவர் முன்னதாகப் போய்க் காரிலே கால் நீட்டி உட்கார விரும்புவார். ஒரு நாள் நாம் மருந்துடன் திரும்பியபோது, கொட்டும் மழையில் சாவியைக் கையில் வைத்தபடியே காரருகில் நின்றுகொண்டிருந்தார். சாவி துளைக்குள் போயிற்றாம். திருப்பத்தான் விரல் இசையவில்லையாம். "மழைதானே, விடு" என்றார். நம்மால் விட முடியவில்லை.

பொத்தானை அழுத்தினால் பூட்டுத் திறக்கும் கருவி உலகுக்குப் புதிதன்று. 1982-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு ரெனோ கம்பெனியார் தம் புவேகோ காரில் அதனைப் பொருத்தி விற்றனர். நம்முடையதோ 20 ஆண்டுகளைக் கடந்த சிறிய கார். ஓட்டுநர் கதவைப் பூட்டினால் மற்ற மூன்றும் மின்சாரத்தால் தாமே பூட்டிக்கொள்ளும், அவ்வளவே. ஆகவே கடையிலே ஒரு ரிமோட் பெட்டி வாங்கினோம். அதனோடு இரண்டு பொத்தான் சாவிகள், ஒரு கத்தைக் கம்பிகள், படம் போட்ட ஒரு காகிதம்.

இதனைக் கேள்வியுற்ற நம் தமக்கையின் கணவர், நல்ல நேரம் பார்த்துத் தொடங்குமாறு கூறி, சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்க 2 எலுமிச்சம்பழங்களையும் கொண்டுவந்து தந்தார். நமக்கு ஓய்வு கிடைப்பதோ ஞாயிறு மாலை 4.30 மணிக்கு. அன்று 4.30 முதல் 6 வரை இராகு காலமாம். அந்நேரத்திலேயே திருப்புளியை எடுத்தோம்.

நிற்க. கதவுப் பூட்டுகளுக்குக் கார்கள் ஆணையிடும் முறை ஒன்றல்ல. சில கார்களில் ஆணைக் கம்பியை எர்த்தோடு சேர்த்தால் பூட்டும். சிலவற்றில் 12 வோல்ட் கொடுத்தால் பூட்டும். இன்னுஞ் சிலவற்றில் மோட்டாருக்குச் செல்லும் இரு கம்பிகளையே முன்பின்னாக மாற்றித் தரவேண்டும். ரிமோட் பெட்டிக்குள் இருப்பன இரண்டு ரிலேக்கள், பூட்டுவதற்கொன்று, திறப்பதற்கொன்று. ஒவ்வொன்றிலிருந்தும் மும்மூன்று கம்பிகள் வருகின்றன: நடுக்கம்பி, சும்மா இருக்கையில் அதனைத் தொட்டிருக்கும் கம்பி, பொத்தானை அழுத்துகையில் தொடும் கம்பி. காரின் முறை இன்னதென்று அறியாமல் இவற்றை இணைத்தால் ஒன்றும் நடவாது. அல்லது பியூஸ் போகும். அதுவும் காவாதாயின் பெட்டியே புகையும். காகிதத்திலுள்ள நிறங்களை நம்பி இணைப்போர் பலர். நம் காகிதம் சொன்ன நிறம் காரிலே இல்லவேயில்லை. நிறத்தைக் கொண்டு மனிதனை மதிப்பது மடமையென்று இவ்வேடு எத்தனையோ முறை எழுதியிருக்கிறது. கம்பிக்கும் அதுவே பொருந்தும்.

மீட்டரின் கறுப்பு முனையைக் காரின் வெற்றிரும்பில் வைத்துச் சிவப்பு முனையால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தோம். (புதிய கார்களில் மஞ்சள் உறைக்குள் செல்லும் கம்பிகள் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றின்மேல் மீட்டரையும் வைக்கலாகாது, சோதனை விளக்கையும் வைக்கலாகாது.) ஒரு கம்பி சும்மா இருக்கையில் 12 வோல்ட் காட்டிற்று, உட்பூட்டை அழுத்தியவுடன் சுழியத்துக்கு இறங்கிற்று. மற்றொன்று திறக்கும்போது அவ்வாறே இறங்கிற்று. எர்த்து முறையென்பது விளங்கிவிட்டது. இரண்டு நடுக்கம்பிகளையும் எர்த்தில் சேர்த்து, அழுத்துகையில் தொடும் கம்பிகளை இவ்விரண்டோடும் இணைத்து, வேண்டாத இரண்டின் முனைகளையும் டேப்பால் மூடினோம்.

பொத்தானை அழுத்தினால் மூன்று கதவுகள் 'டக்'கெனப் பூட்டின. ஓட்டுநர் கதவு அசையவில்லை!

அதன் உட்புற உறையைக் கழற்றிப் பார்த்தபின் நமக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அக்கதவிலே மோட்டாரே கிடையாது. ஒரு சுவிட்சு மாத்திரம் இருக்கிறது. அது மற்ற மூன்று கதவுகளுக்கும் ஆணையிடும். தான் மின்சாரத்தால் ஒரு நாளும் அசையாது. தோட்டத்திலே கங்காணியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது முன்னமே தோன்றியிருக்க வேண்டும்.

கங்காணியையும் வேலைக்கு இறக்குவதென்று முடிவு செய்து, இரு கம்பி மோட்டார் ஒன்று வாங்கி, பூட்டின் இரும்புக் கோலோடு பிணைத்தோம். இங்கேதான் சோம்பல் நம்மைக் கெடுத்தது. தூணுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள ரப்பர் உறைக்குள் புதுக் கம்பி நுழைப்பது விரலை நோகச் செய்யும் வேலை. கதவின் ஒலிபெருக்கிக்கு முன்னர்ச் சென்ற 2 மெல்லிய கம்பிகள் சும்மா கிடந்தன. அவற்றையே பயன்படுத்திக்கொண்டோம். முதலில் மோட்டார் தலைகீழாகப் பூட்டிற்று. கம்பிகளை இடம் மாற்றியதும் சரியாயிற்று. உறையைப் பூட்டிக் கதவைச் சாத்தினோம். மறுபடியும் கங்காணி வேலைநிறுத்தம்.

திறந்து சோதித்தோம், மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கம்பி முனையில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் வருகிறது. கம்பி நலம், ஆதலின் மோட்டார்தான் கேடென்று தீர்ப்பெழுதினோம். மறுவாரம் இன்னொரு மோட்டார் வாங்கினோம். அதுவும் அப்படியே. தமக்கையின் கணவர் வந்து பார்த்து, "இராகு காலத்தில் தொட்டால் இப்படித்தான், மாப்பிள்ளை" என்றார். மறுமொழி கூற நம்மிடம் ஒன்றுமில்லை. அன்றிரவு நமக்கு உறக்கம் சரியாக வரவில்லையென்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றாம் ஞாயிறு, தாழ்வாரத்தில் அமர்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருந்த தாயார் சொன்னார்: "கதவு தெறந்திருந்தா வேலை செய்யுது. சாத்தினா செய்யல. நீ ஏன்டா மோட்டாரைத் திட்டுறே?"

பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர் அவர். ஆயினும் எந்த மரத்தில் எந்தப் பக்கம் பால் நின்றதென்று இருளிலே விளக்கைக் கட்டிக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் அவருடையவை. மீட்டரையே பார்த்திருந்த நாம் கதவைப் பார்க்கவில்லை.

மீட்டரின் முனைகளைச் சன்னல் வழியே விட்டுக் கதவைச் சாத்தினோம். மருமகன் பொத்தானை அழுத்தினான். மோட்டாரை இணைக்காதபோது 12 வோல்ட். இணைத்தபோது 3! லயத்துக் குழாய் உள்ளே அடைபட்டிருந்தால் எவ்வாறு? சொட்டுச் சொட்டாய் இரவெல்லாம் வடிந்தேனும் வாளி நிறைந்துவிடும். குளிக்கவேண்டுமென்று திறந்தால் தண்ணீர் வராது. மீட்டருக்கு மிகச் சிறு மின்னோட்டமே போதும். மோட்டாருக்கோ சில ஆம்பியர் வேண்டும். ரப்பர் உறையைப் பிரித்தோம். 20 ஆண்டுகள் திறந்து மூடியதில், மேலுறை கிழியாமலே உள்ளே செம்பிழைகள் பச்சை பிடித்து அறுந்திருந்தன. எஞ்சியவை 2 இழைகள். கதவு சாத்தி மடியும்போது அவையும் சரிவரத் தொடவில்லை.

பருமனான புதுக் கம்பிகள் இரண்டை விரல் நோகவே நுழைத்தோம். இணைப்புகளை மடியும் இடத்தில் வையாமல் கதவின் உட்புறத்திலே வைத்து, ஈயம் பற்றவைத்து, டேப்புச் சுற்றினோம்.

தாயார் தாழ்வாரத்திலிருந்து எழாமலே பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார். நான்கும் திறந்தன. மீண்டும் அழுத்தினார், பூட்டின. அன்று எத்தனை முறை அழுத்தினாரென்று நாம் எண்ணவில்லை. தமக்கையின் கணவர் தந்த எலுமிச்சம்பழங்கள் அம்மாலை சர்க்கரையும் ஐசுங் கலந்து எல்லோர் கைக்கும் வந்தன. அவரும் குடித்தார். இடப்பக்கப் பின்கதவு மட்டும் பூட்டுகையில் சற்றே முனகுகிறது. வரும் ஞாயிறு 4.30-க்கு அதன் உறையைக் கழற்றவேண்டும்.