வெடிப்பின்மேல் ஒரு கொடி

என் தந்தையார் மரம் கடைபவர். பலாபத்வலவில், எமது வீட்டின் பின் தாழ்வாரத்தில், அவரது கடைசல் இயந்திரம் இன்றும் இருக்கின்றது. கட்டிற் கால்களும் படிக்கட்டுத் தூண்களும் கடைந்தே அவர் எம்மைப் படிப்பித்தார். அவர் மறைந்தபோது, அம்மாவின் குங்குமத்திற்கெனக் கடையத் தொடங்கிய பலாமரச் சிமிழ் ஒன்று முற்றுப்பெறாது எஞ்சியிருந்தது.

ஈரமரத்தை முதலில் தடிப்பாகக் கடைந்து, மாதக்கணக்கில் நிழலில் உலரவிட்டு, பின்னரே மெல்லிதாக்குவது அவர் வழக்கம். மரம் உலரும்போது எத்திசையிலும் ஒரேயளவாகச் சுருங்குவதில்லை. நடுவிலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தினும் வளையங்களின் போக்கிலான சுருக்கம் ஏறத்தாழ இரு மடங்காகும். இதனை அவர் கையால் அறிந்திருந்தார். நானோ அந்தியேட்டி முடிந்த வாரத்திலேயே அச்சிமிழை மெல்லிதாகக் கடைந்து வெயிலில் வைத்தேன். மாலையில் அது விளிம்பிலிருந்து அடிவரை வெடித்திருந்தது.

அதனைப் பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன். அம்மா கேட்ட போதெல்லாம், "இன்னும் காயவில்லை அம்மா" என்றேன். இரண்டு ஆண்டுகள் அப்பொய் என்னுடனேயே இருந்தது.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலை, பாடத் தேவைக்காகப் புரட்டியபோது, எமது மாத்தளை மாவட்டத்து ஹபுவிதக் கிராமத்தின் அரக்கு வேலையைப் பற்றிப் படித்தேன். அடுத்த விடுமுறையில் சிமிழுடன் அங்கே சென்றேன்.

முதிய கைவினைஞர் ஒருவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் கடைந்தது, தம்பி?"

"அப்பா, பாஸ்."

"வெடிக்க வைத்தது?"

"நான்."

அவர் சிரிக்கவில்லை. பலாமரத் தூளைப் பசையிற் குழைத்து வெடிப்பை நிரப்பி உலரவிட்டார். பின்னர், கரியடுப்பின் சூட்டில் இளகிய அரக்கை நூலாக இழுத்து, அவ்வெடிப்பின் நெடுகிலும் பதித்து, வேண்டிய இடத்திற் பெருவிரல் நகத்தாலேயே துண்டித்தார். 'நியபொத்து' எனப்படும் நகவேலை இதுவே. சிவப்பு நூல் தண்டாயிற்று. மஞ்சள் நூல்கள் இலைகளாயின. வெடிப்பு மறைக்கப்படவில்லை, ஒரு கொடி அதன் வழியே ஏறிற்று.

யப்பானியர் உடைந்த மட்கலங்களை ஒட்டி, ஒட்டிய கோட்டில் பொற்றூள் இடுவதைப் பலரும் அறிவர். அவர்கள் பயன்படுத்துவது மரத்தின் பால். எமது அரக்கோ சிறு பூச்சியொன்றின் சுரப்பு. பொருள் வேறாயினும், உடைவை ஒளியாத நேர்மை இரண்டிற்கும் பொது. ஆயின், அந்நேர்மை கைவினைஞருடையதே அன்றி என்னுடையதன்று. கொடியைக் காட்டி, "அழகுக்காகப் போட்டது" என்று அம்மாவிடம் சொல்லிவிடவும் என்னால் இயன்றிருக்கும். பேருந்தில் வரும்போது அவ்வாறு சொல்லவே எண்ணியிருந்தேன்.

அம்மா சிமிழை வாங்கி, கொடியின்மேல் விரலை ஓடவிட்டார். என் நாவில் உண்மையே வந்தது. சற்று நேரம் பேசாதிருந்தவர், "காயவில்லை என்று நீ சொன்னபோதே தெரியும், மகன். அப்பாவின் முதற் சிமிழும் வெடித்ததுதான்" என்றார்.

அச்சிமிழ் இப்போது எமது சுவாமியறையில் இருக்கின்றது. அதில் அம்மா திருநீறு வைத்திருக்கிறார்.