அடுப்படிதானே

அம்மாவின் அடுப்படிச் சுவர் விழுந்த செய்தி எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், இனி ஒன்றுமில்லை என்று சேலத்தில் நாங்கள் படுத்துத் தூங்கிவிட்டோம். கடலோரத்துக்காரர்களின் துன்பம் அது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. புயலோ வலுக்குறைந்தும் போக மனமில்லாமல் உள்நாட்டிலேயே நின்று கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரு வீட்டுக்குள் இருந்த ஏழு பேரைக் கொண்டுபோனது. ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண்ணும் பாறையும் சரிந்து வண்டிகள் நின்றன. மாரமங்கலம் ஏற்காட்டிலிருந்தும் இன்னும் உள்ளே. மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை. அம்மாவை நினைக்கும்போதெல்லாம் திருவண்ணாமலைதான் கண்ணில் வந்தது.

மூன்றாம் நாள் ஒரு மிஸ்டு கால். திருப்பி அழைத்தால் அம்மா சொன்ன முதல் வாக்கியம்: “ஒண்ணுமில்ல கண்ணு, அடுப்படிதான்.”

ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். வீட்டின் பின்பக்கம் இருந்த கரை, வாழைமரம் ஒன்றோடு சேர்ந்து இறங்கி, அடுப்படியின் பின்சுவரை உள்ளே தள்ளியிருந்தது. மேடை மீது செம்மண் முழங்கால் உயரம். 2011இல் அரசு கொடுத்த கிரைண்டர் கவிழ்ந்து கிடந்தது. ரேஷன் அரிசி மூட்டை ஊறி வெடித்திருந்தது. உப்பு ஜாடியில் உப்பு இல்லை, கலங்கிய தண்ணீர் இருந்தது. புளி, மிளகாய்த்தூள், ராகி மாவு எல்லாம் ஒரே நிறம். அம்மி மட்டும் நகராமல் அப்படியே. பரணில் சாமை விதையும் அவரை விதையும் சாம்பல் கலந்து கட்டிவைத்த துணி மூட்டைகள் நனையாமல் இருந்தன. அம்மா முதலில் இறக்கியது அவற்றைத்தான்.

அந்தச் சுவர் ஏன் விழுந்தது என்பதை நான் பிறகுதான் கற்றேன். அது மண்சுவர். மண்சுவர் மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். தொண்ணூறுகளில் அப்பா, வீடு பக்காவாகத் தெரியட்டும் என்று அதன் இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசினார். பூசிய நாளிலிருந்து உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் சுவரின் அடிப்பகுதி உப்புப் பூத்துப் பொரியும். அம்மா சொல்வாள், அப்பா சுண்ணாம்பு அடிப்பார். தோல் நன்றாக இருந்தது, உள்ளே சேறாகிக்கொண்டிருந்தது. போதாததற்குச் சில ஆண்டுகளுக்கு முன் மேலே ஒரு தங்கும் விடுதிக்காகப் பாதை வெட்டினார்கள். அந்தப் பாதையின் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கரைக்குத்தான் வந்தது.

மலை வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சரிவை வெட்டிச் சமதளம் ஆக்கி வீடு கட்டுவோம். வாசலும் திண்ணையும் பள்ளத்தாக்கைப் பார்க்கும். வெட்டிய கரையை ஒட்டி, வெளிச்சம் குறைந்த, எந்நேரமும் ஊறிக்கொண்டிருக்கிற பின்மூலையில் அடுப்படி. விருந்தாளி திண்ணையில் உட்கார்ந்து “என்ன காட்சி, என்ன காற்று” என்பார். அவருக்குக் காப்பி போடுகிறவள் ஒரு முழத்துக்கு அப்பால் ஒரு மண்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அம்மா அங்கே ஐம்பது ஆண்டுகள் நின்றாள். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இது எனக்கு உறைத்ததே இல்லை. சுவர் விழுந்த பிறகு உறைத்தது.

சேதத்தைப் பார்க்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முன்னறையின் நான்கு சுவர்களையும் தட்டிப் பார்த்து, “வீடு நல்லாத்தானேங்க இருக்கு? இது அடுப்படிதானே” என்றார்.

டிசம்பர் 3ஆம் தேதி வந்த அரசு அறிவிப்பில் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று இருந்தது. எல்லாம் வேண்டியதுதான், ஒன்றையும் குறை சொல்லவில்லை. வயலில் நிற்கும் பயிருக்கு ஒரு தொகை உண்டு. பரணில் இருக்கும் விதை நனைந்து போயிருந்தால் அதற்கு வரி கிடையாது. பாத்திர பண்டங்களுக்கும் பேரிடர் நிவாரண விதிகளில் இடம் உண்டு: குடும்பத்துக்கு 2,500 ரூபாய். வீடு அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும், அல்லது முழுதாக இடிந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு நாளுக்கு மேல் வெள்ளத்தில் மூழ்கியிருக்க வேண்டும். சமவெளியை மனத்தில் வைத்து எழுதிய விதி. மலையில் தண்ணீர் இரண்டு நாள் நிற்காது. பின்சுவர் வழியாக வரும், அடுப்படியை எடுத்துக்கொள்ளும், வாசல் வழியாகப் போய்விடும். அளவுகோல் கொண்டுவருகிறவருக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

தை மாதம் வேலை தொடங்கும் என்றார் மேஸ்திரி. தொடங்கவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் காலம், ஆள் கிடையாது. கிடைத்தபோது மணல் இல்லை. மணல் வந்தபோது வண்டி எங்கள் வளைவோடு நின்றுவிட்டது. அங்கிருந்து நாற்பத்தைந்து படி தலைச்சுமை. மார்கழியிலேயே வாங்கி அடுக்கிய ஆறு மூட்டை சிமெண்டில் இரண்டு பனி குடித்துக் கல்லாகிப்போயின. சேறு எடுத்த இடத்தில் தரை காயவே இல்லை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது பழைய விறகடுப்பின் வாயில் வெள்ளையாய்ப் பூஞ்சை பூத்திருந்தது.

புறநானூற்றின் 164ஆம் பாடலை நான் பதினைந்து வருடமாக நடத்துகிறேன். பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்கிற பாட்டு. சமைப்பதையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கும் அதில். வறுமைக்கு அதைவிட ஒரு படிமம் இல்லை என்று வகுப்பில் கைகளை விரித்துச் சொல்வேன். அன்று அந்தப் பூஞ்சையைச் சுரண்டி எடுத்தபோது வேறொன்று தோன்றியது. புலவர் பார்த்தார், பாடினார், பரிசிலுக்குப் போனார். அந்த அடுப்பைத் துடைத்தவள் பெயர் என்ன?

இதற்கிடையே அம்மா சமைத்துக்கொண்டுதான் இருந்தாள். திண்ணையின் ஓரத்தில் மூன்று கல். பாதை அடைபட்ட நாட்களில் சிலிண்டர் வரவில்லை. காப்பிச் செடி கவாத்து செய்த ஈரக் குச்சியை ஊதி ஊதி எரித்தாள். பாத்திரத்தை வாசலில் குந்திக் கழுவினாள். “எத்தனை நாளைக்கு இப்படி?” என்று கேட்ட ஒரே ஆள் நான். தம்பி திருப்பூரிலிருந்து, “அதான் கேஸ் இருக்குல்ல, ஒரு டேபிள் போட்டு வெச்சுக்கச் சொல்லு” என்றான். வீட்டில் கழிவறைக் கதவு உடைந்தால் அன்றே ஆள் வரும். டி.வி. பெட்டி நின்றால் மறுநாள். அடுப்படி இடிந்து நான்கு மாதம் ஆகியும் சோறு நேரத்துக்கு வந்ததால் அது அவசரம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மேஸ்திரி எதையும் தம்பியிடம்தான் கேட்பார். நான் எதிரே நிற்பேன், அம்மா பக்கத்தில் நிற்பாள், அவர் வீடியோ கால் போட்டு இடிந்த சுவரைத் திருப்பூருக்குக் காட்டுவார். “சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேங்க்கா.” சார் வாழ்நாளில் ஒரு முட்டை வேகவைத்ததில்லை. பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. பணத்தில் முக்கால் பங்கு என் சம்பளம். தொட்டியும் குழாயும் வாங்கியது அம்மா, மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைச் சேர்த்துவைத்து. ஆனாலும் சார்தான் சார்.

மேடை உயரத்துக்கு ஒரு சண்டை. எல்லா வீட்டுக்கும் 33 அங்குலம் என்றார். அம்மா நான்கு அடி ஒன்பது அங்குலம். 33 அங்குல மேடையில் அடுப்பு, அதன்மேல் குண்டான் என்றால் அவள் தோளைத் தூக்கிக்கொண்டு கிண்ட வேண்டும். அம்மாவை நிற்கவைத்து, முழங்கைக்கு நான்கு விரல் கீழே சுவரில் கரியால் கோடு போட்டேன். 29. “பின்னாடி வீட்டை வித்தா வாங்கறவங்க சிரிப்பாங்க்கா” என்றார். வாங்கப்போகிற யாரோ ஒருவரின் சிரிப்புக்குப் பயந்து எத்தனை பெண்கள் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்களோ.

சித்தாள் வேலைக்கு வந்த அக்கா ஒருத்தி மணலைக் கொட்டிவிட்டு, “கரைய ஒட்டி மறுபடி சுவர் எழுப்பாதீங்க. ரெண்டடி தள்ளி வெச்சு நடுவுல வாய்க்கால் விடுங்க, தண்ணி அது பாட்டுக்குப் போயிரும்” என்றாள். மேஸ்திரி காதில் விழாதது போல இருந்தார். மறுநாள் காலையில் அதே யோசனையைத் தன் யோசனையாகத் திருப்பூருக்குச் சொன்னார். தம்பி பாராட்டினான். அந்த அக்காவுக்கு அன்றும் ஆண் ஆளின் கூலியைவிடக் குறைந்த கூலிதான்.

இத்தனைக்கும் நடுவில் ஒருநாள் அம்மா, யாரிடமும் எதுவும் கேட்டிராத அம்மா, “எனக்கு முன்பக்கம் வேணும்” என்றாள்.

புரியவில்லை. “என்னம்மா முன்பக்கம்?”

“அடுப்படி. அந்தக் கரையவே பாத்துக்கிட்டு நின்னாச்சு கண்ணு. எனக்குப் பஸ்ஸு வர்றது தெரியணும்.”

நான் வகுப்பில் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை நடத்துகிறவள். அந்தக் கதையின் பெயரில் 1988இல் வந்த தொகுப்பின் பழைய பிரதி ஒன்று என்னிடம் உண்டு. சமையலறை என்னும் சிறை பற்றிப் பத்து மதிப்பெண் வினா எழுதியிருக்கிறேன். கதையில் மீனாட்சி சமையலறையை வசதியாக்க ஒரு யோசனை சொல்வாள். பதிலாக, வெளியே தெரிந்த மலையையும் மறைத்துக்கொண்டு துணிக்கொடி வரும். அம்மா அந்தக் கதையைப் படித்ததில்லை. அவள் சிறையிலிருந்து விடுதலை கேட்கவில்லை, அடுப்பை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வருகிறேன் என்றாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இனிமேலாவது சமைக்காதே, சேலத்துக்கு வந்துவிடு என்று சொல்லிப் பார்த்தேன். “அங்க வந்து உன் அடுப்படியில நிக்கவா?” என்றாள். பதில் இல்லை என்னிடம்.

எதிர்ப்பு வந்தது. வாசலில் அடுப்படி வைத்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றான் தம்பி. அக்கினி மூலை தென்கிழக்கு, அது கரைப்பக்கம்தான் வருகிறது என்றார் மேஸ்திரி. அக்கினி அங்கே ஐம்பது வருடம் இருந்தும் சுவர் காயவில்லையே என்றேன். பெரியப்பா கீழேயிருந்து போன் செய்து, “டி.வி.ய எங்க வைப்பீங்க?” என்று கேட்டார். அதுதான் எல்லாருடைய உண்மையான கேள்வி என்று அப்போது விளங்கியது.

“பின்னால வெச்சுக்கங்க” என்றாள் அம்மா.

ஆடி மாதம் பால் காய்ச்சினோம். முன்னறையில் பாதி இப்போது அடுப்படி. 29 அங்குல மேடை, கீழே ஓரமாக ஒரு விறகடுப்பு, மேலே பரண், பரணில் விதை. மேடைக்கு நேரே பெரிய ஜன்னல். பஸ் வளைவில் திரும்பும்போது ஹார்ன் அடிப்பதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது; யார் இறங்குகிறார்கள், யார் யாரோடு இறங்குகிறார்கள் என்பதும். பின்னால், கரையைவிட்டு இரண்டடி தள்ளிச் சுவர் எழுப்பிய பழைய அடுப்படி இப்போது டி.வி. அறை. ஆண்கள் வந்தால் அங்கே படுக்கை.

கணக்கில் ஒரு தவறு நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மேடையின் மூலையில் தொட்டிக் குழாயைத் தாழ்வாக வைத்துவிட்டார்கள். பெரிய குண்டான் அடியில் நுழையாது. அம்மா அதை இன்னமும் வாசலில்தான் கழுவுகிறாள்.

தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். நல்ல மழை. வாய்க்காலில் தண்ணீர் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, சுவர் நின்றது. ஆனால் அது கரைப்பக்கம்தானே, ஓதம் முழுதாக விடவில்லை. காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தான்.

“அந்த ரூம்ல மனுசன் இருக்க முடியாதும்மா. ஒரே இருட்டு, ஒரே ஈரம். வாசம் வேற அடிக்குது.”

அம்மா ஜன்னலைப் பார்த்தபடி தோசையைத் திருப்பினாள். “ஜன்னலத் தொறந்து வெச்சுக்க.”

“அங்க ஏது ஜன்னல்?”

வைக்கவில்லை. கரையைப் பார்த்து எதற்கு ஜன்னல் என்று மேஸ்திரி கேட்டபோது, வேண்டாம் என்று வீடியோ காலில் சொன்னவன் அவன்தான். தோசை தட்டில் விழுந்ததும் ஒரு கையால் போனை எடுத்து மேஸ்திரியின் எண்ணைத் தேடத் தொடங்கினான்.