வீராம்பட்டினத்துப் பிள்ளைகளும் என் பாடமும்

உங்கள் வீட்டுக் குழந்தையின் பாடப் புத்தகத்தைப் புரட்டி, "இதை எழுதின புண்ணியவான் யாரோ!" என்று அலுத்துக்கொண்டதுண்டா? நானும் அலுத்துக்கொண்டவள்தான். ஆகவே, ஐந்தாம் வகுப்புக்கு ஒரு துணைப்பாடம் எழுதும்படி ஒரு குழுவினர் கேட்டபோது, வாரா வாரம் பக்கம் நிரப்புகிறவளுக்கு இது ஒரு பிரமாதமா என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் வெளியூரிலிருந்து வருவதுதான் வழக்கம். வெகுகாலம் தமிழ்நாட்டுப் புத்தகம். 2024-25-ல் அரசுப் பள்ளிகள் முழுக்க சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. ஒரு துணைப்பாடமாவது உள்ளூர் வாசனையோடு இருக்கட்டுமே என்பது குழுவினரின் ஆசை.

விஷயம், அரிக்கமேடு. அளவு, 120 வார்த்தை. வாக்கியத்துக்கு 8 வார்த்தைக்கு மேல் கூடாது. அம்மணிகளே, பத்துப் பேருக்கு வைத்த குழம்பை ஒரே கரண்டியில் அடக்குகிற வேலை அது! ரோமாபுரி வாணிபம், மது வந்த ஜாடிகள், மணி செய்த பட்டறை... பதினோரு தடவை கிழித்துப் போட்டு எழுதினேன். கடைசியில், 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்ததைச் சொல்லி முடித்தபோது பரம திருப்தி.

வாசித்துக் காட்ட, அரிக்கமேட்டுக்குப் பக்கத்து மீனவர் ஊரான வீராம்பட்டினத்துக்குப் போனேன். ஆடி மாதத்துச் செங்கழுநீர் அம்மன் தேருக்குப் பெயர்பெற்ற ஊர். வலை உலர்த்திய மணலில் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டார்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி, "அக்கா, வெள்ளைக்காரர் வர்றதுக்கு முன்னாடி அங்க மணி கிடக்கறது யாருக்குமே தெரியாதா? மழை பெஞ்சா பொறுக்குவோம்னு எங்க ஆயா சொல்லுமே!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வீலருக்கு முன்பே, 1937-ல், ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தப் பக்கத்துச் சிறுவர்களிடம் மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கியிருக்கிறார். அது எனக்குத் தெரியாத விஷயமல்ல. 120-க்குள் அடக்கும் அவசரத்தில் நான் வெட்டித் தள்ளியது அந்தப் பிள்ளைகளைத்தான்!

திருத்தி எழுதினேன். "பரீட்சையில் கேட்க ஒரு பேர், ஒரு வருஷம் வேண்டாமா?" என்றார் குழுவில் ஒரு பெரியவர். நியாயந்தான். வீலர் தங்கினார், மது ஜாடிகள் போயின. அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

மறுபடி போய்ப் படித்தேன். பிள்ளைகள் மணி பொறுக்கிய வரி வந்ததும் மணலில் ஒரே கலகலப்பு! என் கட்டுரைகளுக்கு இதுவரை வந்த கடிதங்களெல்லாம் சேர்ந்தும் அப்படி ஒரு சந்தோஷத்தைத் தந்ததில்லை.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வீலர் பேரு போட்டிருக்கு. அந்தப் பிள்ளைங்க பேரை ஏன்க்கா போடலை?"