முதலில் மோகனம்

கர்நாடக இசையில் எதைக் கேட்டுத் தொடங்குவது என்று கனடாவில் வளர்ந்த என் பெறாமகள் வினவினாள். தெலுங்கும் சமஸ்கிருதமும் விளங்காதே என்பது அவளது தயக்கம்.

நீண்ட பட்டியல் எதுவும் நான் கொடுக்கவில்லை. மோகனம் என்ற ஒரே இராகத்தைச் சொன்னேன். ஐந்தே சுரங்கள், காதில் விரைவில் பதியும். முதலில் பாபநாசம் சிவனின் 'காபாலி'. தமிழ் என்பதால் பொருள் கைகொடுக்கும். அடுத்து தியாகராஜரின் 'நனு பாலிம்ப'. மொழி மாறும், இராகம் மாறாது. மூன்றாவதாக, நாதஸ்வரத்தில் மோகன ஆலாபனை. அங்கே சொல்லே இல்லை.

யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்ட எம்மவர் பலர் இராகத்தின் பெயரைக்கூட அறிந்ததில்லை. ஆயினும் இடமறிந்து தலையசைத்தார்கள். கேள்வி ஞானம் அப்படித்தான் வளர்ந்தது.

மோகனம் காதுக்குப் பழகியபின் கல்யாணிக்குப் போகலாம். அவசரமில்லை.