கற்பிட்டிச் சாலையில் ஒரு கயிற்றுப் பயணம்

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வடக்கே செல்லும் புத்தளம் வீதி, நெடுந்தூரம் தென்னஞ்சோலைகளின் நிழலிலேயே நம்மை அழைத்துச் செல்கிறது. முந்தல் களப்பைக் கடந்ததும் நிலத்தின் குணம் மாறிவிடுகிறது. தென்னை குறைந்து வெண்மணலும் முட்புதரும் மிகுகின்றன. பாலாவிச் சந்தியை அண்மிக்கையில் உப்பளங்களும், கிடுகு வேய்ந்த உப்புக் குவியல்களும் கண்ணிற் படும். அங்கே இடப்புறம் திரும்பினால் கற்பிட்டிச் சாலை. கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே பெருங்கடல். இரண்டுக்கும் நடுவே நாக்குப்போல் நீண்டு கிடக்கும் மணல் நிலம் அது.

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் அன்னையார், துணைவியார், மகன் ஆகியோருடன் எமது பழைய காரில் அங்கே சென்றிருந்தோம். காலையில் முன்னேஸ்வரத்தில் வழிபாடு, நண்பகலில் கற்பிட்டி. 1667 இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டையை வெளியிலிருந்து பார்த்தோம். வெங்காயத் தோட்டங்களைப் பார்த்தோம். மணலில் நீர் இறைத்து இத்துணை செழிப்பாகப் பயிர் செய்யும் கைகளை வணங்கத்தான் வேண்டும். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344 இல் வந்திறங்கிய பட்டினம் புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு என்று மகனுக்குக் கூறினோம். அந்த யாத்திரிகருக்கு மோட்டார் வண்டித் தொல்லை இல்லை என்பதை அப்போது எண்ணிப் பார்த்தோமில்லை.

திரும்பும் வழியில், தலவில சந்தியைத் தாண்டிச் சிறிது தூரத்தில், இருமுறை குலுங்கி வண்டி நின்றது. பத்துப் பன்னிரண்டு தடவை திறப்பைத் திருகினோம். இயந்திரம் சுழன்றதேயன்றித் தீப்பற்றவில்லை. பெற்றோல் பம்பி பழுதாகியிருந்தது என்பது பின்னர் தெரிந்தது. மாலை ஆறு மணியாகிக்கொண்டிருந்தது. வெங்காய மூடை ஏற்றிவந்த லொறிச் சாரதி ஒருவர் எம்மைக் கண்டு நிறுத்தினார். நாநா என்றே அவரை அழைத்தோம். பாலாவியில் ஒரு கராஜ் வரை இழுத்துச் செல்வதாகக் கூறிக் கயிற்றைக் கட்டினார்.

கட்டியபின், “சேர், திறப்ப ஒரு கட்டம் மட்டும் திருப்பி வையுங்க. ஸ்ரேறிங் விடும். அதுக்கு மேல வேணாம்” என்றார்.

நாமோ இருபது ஆண்டுகளாக உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்பிப்பவர். ஈயச் சேமிப்புக்கலத்தைக் கரும்பலகையில் வரையாத ஆண்டில்லை. ஆயினும் அம்மாவுக்கு வியர்த்தது. திறப்பை இரண்டாங் கட்டத்துக்குத் திருப்பிக் காற்றாடியை முழு வேகத்தில் இயக்கினோம். இருள் கவிந்ததால் முன்விளக்குகளையும், இழுபடும் வண்டியென்று அறிவிக்க நான்கு மூலை மின்னு விளக்குகளையும் போட்டோம். மகன் தன் கைத்தொலைபேசியையும் செருகினான்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்கரங்கள் சுழல்கின்றனவே, மின்சாரம் தானாக உண்டாகுமன்றோ என்று பலரும் எண்ணுகின்றனர். துவிச்சக்கர வண்டியில் அது மெய். டைனமோ சக்கரத்தையே தொட்டுச் சுழல்கிறது. காரிலோ மின்னாக்கி இயந்திரத்தோடு பட்டியினாற் பிணைக்கப்பட்டது. கியரை விடுவித்து இழுக்கும்போது இயந்திரம் அசைவதில்லை. ஆகவே பற்றரி கொடுத்துக்கொண்டேயிருக்கும், பெறுவது யாதுமில்லை.

கணக்கும் எளிது. முன்விளக்கு இரண்டும் சேர்ந்து 110 வாற்று. 12 வோல்ற்றில் அது ஏறக்குறைய 9 அம்பியர். மின்னு விளக்குகளும் பின் விளக்குகளும் 5 அம்பியர் அளவு. காற்றாடி 8 அல்லது 10. தடுப்பை மிதிக்கும் போதெல்லாம் சிவப்பு விளக்கு வேறு. எமது பற்றரி புதிதாயிருந்த காலத்தில் 40 அம்பியர் மணி கொண்டது. நான்கு வயதாகி, சற்று முன்னர் பன்னிரண்டு முறை இயந்திரத்தைச் சுழற்றிக் களைத்திருந்தது. ஒரு மணி நேரம் அது தாங்கினாலே பெரிது.

நுரைச்சோலையை நெருங்குகையில் முன்விளக்கு மஞ்சளாகி, பின் செம்மையாகி, அணைந்தே போயிற்று. மின்னு விளக்குகளும் ஓய்ந்தன. மேற்கே, 2011 இல் மின்னுற்பத்தி தொடங்கி இன்று 900 மெகாவாற்று ஆற்றல் கொண்டு விளங்கும் அனல் மின்நிலையத்தின் ஒளி வானத்தில் தெரிந்தது. எம்மிடம் ஒரு சிறு குமிழை எரிக்கவும் மின்சாரமில்லை.

அவ்வேளையிற்றான் கழுதைகள். இப்பகுதிச் சாலைகளில் அவை தாமே உரிமையாளர் போல் நிற்பதை அறிந்தோர் அறிவர். லொறி சடுதியாக வேகம் குறைத்தது. நாம் தடுப்பை மிதித்தோம். அது கல்லைப்போல் இறுகியிருந்தது. இயந்திரம் ஓடாதபோது தடுப்புக்குத் துணைசெய்யும் வெற்றிட விசையும் இல்லையே! இரு கால்களாலும் மிதித்துக் கைத்தடுப்பையும் இழுக்க, லொறியின் பின்பலகைக்கு ஒரு முழ தூரத்தில் வண்டி நின்றது. ஒலியெழுப்பியை அழுத்தினால் ஓசை வரவில்லை. எமக்குப் பின்னால் வந்த பஸ் வண்டி, இருளில் எம்மைக் கடைசிக் கணத்தில் கண்டு விலகிச் சென்றது. அம்மா கண்களை மூடிக்கொண்டு முன்னேஸ்வரத்து இறைவனை அழைத்தது மட்டும் கேட்டது.

நாநா இறங்கி வந்தார். திறப்பு நிற்கும் இடத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமான தண்டனையாயிருந்தது. “இனி ராவையில இழுக்க ஏலாது, சேர்” என்றார். அருகிலிருந்த தேநீர்க்கடை முன்றிலில் காரைத் தள்ளி நிறுத்தினோம். கடைக்காரர் தம் வீட்டில் பெண்களுக்குப் பாய் விரித்துக் கொடுத்தார். இடியப்பத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

விடியற்காலையில் நாநா சொன்னபடி வந்தார். இம்முறை முறை வேறு. திறப்பை முதற் கட்டத்திற்குத் திருப்பிச் சுக்கானை விடுவித்தபின், பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கி வைத்தார். எம்முடையதைப் போன்ற பழைய வண்டிகளில் சுக்கான் பூட்டு வெறும் இரும்புப் பொறி. மின்சாரம் இல்லாவிடினும் திறப்பு அங்கேயே இருக்கும்வரை அது மீளப் பூட்டிக்கொள்வதில்லை. பின்புறம் சிவப்புத் துணி கட்டி, மகனை லொறியில் பின்நோக்கி அமர்த்தி, பகல் வெளிச்சத்தில் மெல்லச் சென்றோம். விளக்கில்லாமல் இழுப்பது பகலுக்கே பொருந்தும். இரவில் பற்றரியைக் காப்பதற்காக விளக்கை அணைப்பவன் உயிரைப் பணயம் வைக்கிறான். பொத்தானை அழுத்தி இயக்கும் புதுவகை வண்டிகளிலும், தானியங்கிக் கியர் வண்டிகளிலும் இந்த வித்தையை முயலவே கூடாது. முன்னதன் பூட்டு மின்சாரத்தால் இயங்குவது. பின்னதன் பல்லிணைகளுக்கு எண்ணெய் ஊட்டுவது ஓடும் இயந்திரமே. அவற்றை லொறித் தட்டில் ஏற்றுவதே முறை.

பாலாவியில் பம்பியை மாற்றினர். பற்றரியை அளந்தபோது 11 வோல்ற்றுக்கும் கீழே. நிறைந்த பற்றரி 12.6 காட்ட வேண்டும். பக்கத்தில் நின்ற பெரிய லொறியிலிருந்து கம்பி போடலாமே என்று நாம் கூற, கராஜ்காரர் கையை உதறினார். “அது இருபத்துநாலு, சேர். உங்கட வயரிங் எரிஞ்சிடும்.” இரண்டாம் முறையாக ஆசிரியர் மாணவரானார். முனைகளில் படிந்திருந்த வெள்ளைப் பூச்சை வெந்நீரால் கழுவி, மெல்ல மின்னேற்ற வைத்தார். வெறுமையான பற்றரியை நாட்கணக்கில் விட்டால் தகடுகளில் ஈயசல்பேற்று கடினமாகப் படிந்து மீளாமற் போகும் என்பதை, அதிர்ஷ்டவசமாக, எம்மாற் கூற முடிந்தது.

வீடு திரும்பியபின் அமெரிக்காவில் வாழும் பழைய மாணவர் ஒருவரிடம் தொலைபேசியில் இக்கதையைச் சொன்னோம். அவர் சிரித்தார். அங்கே ஓய்வுபெற்றோர் பலர், சமையலறையும் படுக்கையும் கொண்ட பெரிய வீட்டு வண்டியின் பின்னே சிறு காரொன்றை நான்கு சக்கரங்களும் நிலத்தில் உருள நாட்கணக்கில் இழுத்துச் செல்கின்றனராம். அவர்களுக்கும் இதே பற்றரித் தொல்லைதான். சிலர் கார் தயாரித்தோர் குறிப்பிட்ட உருகியைக் கழற்றிவிடுகின்றனர். சிலர் எதிர்முனையில் ஆளி பொருத்துகின்றனர். பெரிய வண்டியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, செல்லும் வழியெல்லாம் சிறு காருக்கு மின்னேற்றுவோரும் உளர். பின் விளக்குகளுக்குரிய மின்சாரத்தையும் முன்வண்டியே வழங்குமாம். அந்த ஏற்பாடு ஒன்றே அன்றிரவு எமக்கு இருந்திருக்க வேண்டியது.

இப்போது எமது காரின் கைப்பெட்டியில் முனைக் கம்பியைக் கழற்றும் 10 மில்லிமீற்றர் ஸ்பனர் ஒன்று கிடக்கிறது. மார்கழி விடுமுறையில் மீண்டும் கற்பிட்டி செல்ல எண்ணியுள்ளோம். நாநாவையும் தேநீர்க்கடைக்காரரையும் காண வேண்டும். அம்மா வரச் சம்மதித்துவிட்டார். பனையோலை விசிறியொன்றை இப்பொழுதே வாங்கி வைத்திருக்கிறார்.